வார வரிசையா, தலைப்பு வரிசையா: இணைய வகுப்பை எப்படி அடுக்குவது?

இணையத்தில் ஒரு பாடம் நடத்தப்போகிறோம் என்றதும் ஆசிரியர்களுக்குள் எழும் முதல் பேச்சு, எந்த ஆப் என்பதுதான். கூகுள் கிளாஸ்ரூம் போதுமா, மூடுல் (Moodle) என்ற வகுப்பு நடத்தும் மென்பொருளைப் போட வேண்டுமா, எல்லாரும் வாட்ஸ்ஆப்பில்தானே இருக்கிறார்கள், அதிலேயே நடத்திவிடலாமா என்று பேச்சு நீளும். பாடத்தை எந்த வரிசையில் அடுக்குவது என்ற கேள்வி அந்தப் பேச்சில் வருவதே இல்லை. மாணவர் இடறுவது அங்கேதான். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு, இரவு பத்து மணிக்கு, கையில் இருக்கும் சின்னப் போனில் ஒருவர் வகுப்புக்குள் வருகிறார். "இப்போது நான் என்ன செய்ய வேண்டும்?" என்பது மட்டும்தான் அவர் கேள்வி. முதல் திரையிலேயே அதற்கு விடை இருந்தால் உட்கார்ந்து படிப்பார். நாலு இடத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க முடியும் என்றால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவிடுவார். அப்படி மூடியவர்களில் பலர் திரும்பி வருவதில்லை, யாரிடமும் சொல்லிக்கொள்வதும் இல்லை.

அதனால் முதலில் வரிசைகளை ஒப்பிடுகிறேன், அப்புறம் கருவிகள். உதாரணத்துக்கு ஓர் அடிப்படைப் புள்ளியியல் பாடத்தை எடுத்துக்கொள்வோம். 12 வாரம், வாரத்துக்கு ஒரு நேரலை வகுப்பு, கூடவே வீடியோக்கள், குறிப்புகள், சின்னத் தேர்வுகள், அசைன்மென்ட்கள்.

வகை பிரித்து அடுக்குவது

பெரும்பாலானோர் யோசிக்காமலே போய்ச் சேரும் வரிசை இது. 'வீடியோ' என்று ஒரு ஃபோல்டர், 'நோட்ஸ்' என்று ஒன்று, 'அசைன்மென்ட்' ஒன்று, 'தேர்வு' ஒன்று. ஆசிரியர் தன் கணினியில் அப்படித்தான் வைத்திருப்பார், அப்படியே மேலேற்றிவிடுவார். பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் நான்காம் வாரப் பாடத்தைப் படிக்க உட்காரும் மாணவர் நான்கு ஃபோல்டர்களையும் திறந்து, ஒவ்வொன்றிலும் தனக்கு வேண்டியது எது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வீடியோ ஃபோல்டரில் 17 கோப்பு இருக்கும், நோட்ஸில் 9 இருக்கும், இரண்டுக்கும் எண் பொருந்தாது. எந்த வீடியோவுக்கு எந்தக் குறிப்பு என்பது ஆசிரியரின் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது.

இதில் இன்னொரு கெடுதலும் உண்டு. தேர்வுகள் தனி ஃபோல்டரில் கிடந்தால் அவை 'கடைசியில் செய்வது' என்ற எண்ணம் தானாக வந்துவிடுகிறது. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று கற்பித்தல் உலகில் அடிக்கடி பேசப்படுகிறது. ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களையும், படித்துவிட்டு அதை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. ஆக, சின்னத் தேர்வு இருக்க வேண்டிய இடம் அந்தந்தப் பாடத்தின் பக்கத்தில். முடிந்தால் அடுத்த வாரப் பக்கத்தில், போன வாரத்துக் கேள்விகள் இரண்டு மூன்றைத் திரும்பப் போடுங்கள். வகை பிரித்த அடுக்கில் இதற்கு வழியே இல்லை.

இந்த வரிசை பொருந்தும் இடமும் உண்டு. பாடம் முடிந்த பிறகு புரட்டிப் பார்க்கும் தொகுப்பு, பழைய வினாத்தாள் சேகரம், வாய்பாட்டுத் தாள்கள், மென்பொருள் நிறுவும் வழிமுறைகள் போன்றவற்றுக்கு நல்லது. வாராவாரம் நடக்கும் வகுப்புக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வார வரிசை

'வாரம் 1', 'வாரம் 2' என்று அடுக்கினால் "இப்போது என்ன?" என்ற கேள்விக்கு நேராகவே விடை கிடைத்துவிடுகிறது. எல்லாரும் ஒரே வேகத்தில் போகிறார்கள், கடைசித் தேதிகள் வரிசையோடு ஒத்துப்போகின்றன, ஒரு வகுப்பைத் தவறவிட்டவருக்கும் எங்கே தொடங்குவது என்று தெரிகிறது. மூடுலில் இதற்கென்றே வாராந்தர வடிவம் ஒன்று இருக்கிறது. பாடத்தின் தொடக்கத் தேதியைக் கொடுத்தால் ஒவ்வொரு வாரத்துக்கும் தேதியை அதுவே போட்டுக்கொண்டு, நடப்பு வாரத்தைத் தனியாக எடுத்துக் காட்டும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், தேர்வுக்கு முந்தைய நாள் திட்ட விலக்கம் எங்கே இருந்தது என்று தேடும்போது. அது ஐந்தாம் வாரத்தில் வந்ததா, ஆறாம் வாரத்திலா? மாணவருக்கு நினைவிருக்காது. 'வாரம் 5' என்ற தலைப்பும் எதையும் சொல்லாது. நடுவில் விடுமுறை வந்தாலோ, ஒரு தலைப்பு இரண்டரை வாரத்துக்கு இழுத்தாலோ வரிசையும் பாடமும் விலகிப்போகும். அடுத்த பருவத்தில் அதே பாடத்தைத் திரும்ப நடத்தும்போது, தலைப்புகளில் நீங்களே எழுதிவைத்த தேதிகளை எல்லாம் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியிருக்கும்.

தலைப்பு வரிசை

'தரவு வகைகள்', 'மைய அளவைகள்', 'பரவல் அளவைகள்', 'நிகழ்தகவு' என்று பாடத்தின் உறுப்புகளை வைத்து அடுக்குவது இது. பாடத்தின் எலும்புக்கூடு மாணவர் கண்ணுக்குத் தெரிகிறது. மூன்று மாதம் கழித்து வந்தாலும் தேடியது கிடைக்கும். யார் எப்போது வேண்டுமானாலும் சேர்ந்து, அவரவர் வேகத்தில் படிக்கும் பாடங்களுக்கு இதைத் தவிர வேறு வழி கிடையாது.

ஆனால் இதில் வேகம் தெரிவதில்லை. 'தரவு வகைகள்' அரை மணி நேர வேலை, 'நிகழ்தகவு' மூன்று வார வேலை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே அளவுப் பெட்டிகள். பாதித் தலைப்புகளை முடித்துவிட்டோம் என்ற நிம்மதியில் இருப்பவர், கனமான பகுதி முழுக்கப் பின்னால் காத்திருப்பதைக் கடைசி மாதத்தில்தான் உணர்கிறார்.

குறிப்பிட்ட தேதியில் தொடங்கி, குறிப்பிட்ட தேதியில் முடியும் வகுப்பு என்றால் இரண்டையும் கலப்பதுதான் என் தேர்வு. வார எண்ணும் தலைப்பும் சேர்ந்து வரட்டும்: 'வாரம் 4: சராசரி, இடைநிலை, முகடு'. தேதியைத் தலைப்பில் எழுதாமல், அசைன்மென்டின் கடைசித் தேதிக்கான கட்டத்தில் மட்டும் கொடுங்கள். விடுமுறை வந்தாலும், அடுத்த முறை நடத்தினாலும் தலைப்புகளில் கை வைக்க வேண்டியதில்லை. ஒரு தலைப்பு இரண்டு வாரம் போனால் 'வாரம் 7: நிகழ்தகவு, அடிப்படை', 'வாரம் 8: நிகழ்தகவு, நிபந்தனையோடு' என்று பிரித்துப் பெயர் வையுங்கள். 'பகுதி 1', 'பகுதி 2' என்று வைத்தால் தேடுபவருக்கு உதவாது.

ஒரு வாரத்தின் பக்கம் உள்ளே எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். நான்காம் வாரத்தைத் திறந்ததும் முதலில் இரண்டு வரி: "இந்த வார முடிவில், ஒரு தரவுத் தொகுப்புக்குச் சராசரி பொருத்தமா, இடைநிலை பொருத்தமா என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். மொத்தம் சுமார் இரண்டரை மணி நேர வேலை." அதன்கீழ் செய்யவேண்டியவை செய்யவேண்டிய வரிசையிலேயே: முதலில் 7 நிமிட வீடியோ, 'ஒரே ஒரு பெரிய சம்பளம் சராசரியை எப்படி இழுக்கிறது'. அடுத்து மூன்று பக்கக் குறிப்பு. அடுத்து ஐந்து கேள்வி கொண்ட தேர்வு, மதிப்பெண் கிடையாது, எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். கடைசியாக அசைன்மென்ட், சனிக்கிழமை இரவுக்குள். இதற்கு மேல் படிக்க விரும்புபவர்களுக்கு ஒரே ஒரு லிங்க், 'விருப்பம் இருந்தால்' என்ற குறிப்போடு.

'மொத்தம் இரண்டரை மணி நேரம்' என்ற அந்தச் சிறிய தகவலைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வேலைக்குப் போகிறவரும், வீட்டில் குழந்தையை வைத்துக்கொண்டு படிப்பவரும் வாரத்தைத் திட்டமிடுவது அதை வைத்துத்தான். 'விருப்பம் இருந்தால்' என்ற குறிப்பும் அதே அளவு முக்கியம். எது கட்டாயம், எது கூடுதல் என்று பிரித்துச் சொல்லாவிட்டால் பொறுப்பான மாணவர் எல்லாவற்றையும் படிக்க முயன்று களைத்துப்போகிறார்.

கோப்பின் பெயரையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'நோட்ஸ் ஃபைனல் நியூ 2' என்ற பெயரில் ஒரு பிடிஎஃப் மாணவரின் போனில் இறங்கினால், அடுத்த வாரம் அதை அவரால் கண்டுபிடிக்க முடியாது. '04 சராசரி இடைநிலை குறிப்பு' என்று பெயர் வைத்தால் எந்தப் போனிலும் வரிசையாக நிற்கும். வார எண்ணை 4 என்று எழுதாமல் 04 என்று எழுதினால் பத்தாம் வாரம் முதல் வாரத்துக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளாது.

கையெழுத்துக் குறிப்பைப் போட்டோ எடுத்து பிடிஎஃப் ஆக்கிப் போடும் பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. அவசரத்துக்குச் சரி. ஆனால் அதில் எதையும் தேட முடியாது. எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரையைத் தாண்டி ஓடும். பார்வைக் குறைபாடு உள்ள மாணவருக்குத் திரையில் இருப்பதை உரக்கப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் அதைப் பெரும்பாலும் ஒரு படமாகத்தான் பார்க்கும், உள்ளே இருக்கும் வரிகள் அவரை எட்டாது. தமிழில் பாடம் நடத்துபவர்கள் யூனிகோடில் தட்டச்சு செய்த குறிப்பைக் கொடுத்தால் இந்த மூன்று தொல்லையும் போய்விடும்.

பூட்டி வைப்பதா, திறந்து விடுவதா?

12 வாரத்தையும் முதல் நாளே திறந்து வைக்கலாம், அல்லது வாராவாரம் ஒவ்வொன்றாகத் திறக்கலாம். முழுதும் திறந்தால் முன்னே ஓட விரும்புபவருக்கு வசதி, புதிதாக வருபவருக்கு மலைப்பு. வாராவாரம் திறந்தால் எல்லாரும் ஒன்றாக இருப்பார்கள், விவாதமும் சூடாக இருக்கும். ஆனால் ஓய்வு கிடைக்கும் ஒரே ஒரு வார இறுதியில் இரண்டு வாரப் பாடத்தைச் சேர்த்துப் படிக்க நினைப்பவர் பூட்டின்முன் நிற்க வேண்டியிருக்கும்.

நடப்பு வாரத்தோடு அடுத்த இரண்டு வாரத்தைத் திறந்து வைப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. பழைய வாரங்களை ஒருபோதும் மூட வேண்டாம். தேர்வில் இத்தனை மதிப்பெண் எடுத்தால்தான் அடுத்த பாடம் திறக்கும் என்ற வகைப் பூட்டை மூடுலில் எளிதாகப் போடலாம். அதற்குத் தகுந்த இடம் இருக்கிறது, சோதனைச்சாலையில் அமிலத்தைத் தொடுமுன் பாதுகாப்பு விதிகளைப் படித்தாக வேண்டும் என்பது போல. மற்ற இடங்களில் அந்தப் பூட்டு, பின்தங்கியவரை மேலும் பின்னுக்குத் தள்ளத்தான் உதவும்.

எங்கே வைப்பது?

வரிசை முடிவானதும் கருவியைத் தேர்ந்தெடுப்பது பாதி எளிதாகிவிடுகிறது. 'இந்த வரிசையை இது தாங்குமா?' என்று ஒவ்வொன்றையும் கேட்டால் போதும்.

வாட்ஸ்ஆப் குழு தாங்காது. அறிவிப்பு சொல்ல அதைவிட வேகமான வழி இல்லை என்பது உண்மை. ஒரு குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம், 2 ஜிபி வரையிலான கோப்பை அனுப்பலாம். ஆனால் அங்கே போடும் பாடம் நீர்மேல் எழுத்துதான். காலையில் போட்ட குறிப்பு, மதியம் வந்த நாற்பது "நன்றி சார்", "ஓகே மேம்" செய்திகளுக்குக் கீழே போய்விடும். ஒரு செய்தியை மேலே 'பின்' (pin) செய்து வைத்தாலும் அதிகபட்சம் 30 நாள்தான் நிற்கும். இவற்றைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. குழுவில் சேர்ந்த ஒவ்வொருவரின் போன் எண்ணும் மற்ற எல்லாருக்கும் தெரியும். முன்பின் அறிமுகம் இல்லாத அறுபது பேருக்குத் தன் எண் போவதை ஒரு மாணவி விரும்பாமல் இருக்கலாம், பாடம் வேண்டும் என்பதற்காகப் பேசாமல் ஒத்துக்கொள்ளவும் செய்வார். அந்த நெருக்கடிக்கு அவரை ஆளாக்கக் கூடாது. அட்மின் மட்டும் செய்தி அனுப்பலாம் என்று அமைத்துவிட்டாலும் உறுப்பினர் பட்டியலில் எண்கள் இருக்கத்தான் செய்யும்.

டெலிகிராம் இந்த விஷயத்தில் மேல். எண்ணை மறைத்துப் பயனர்பெயரோடு இருக்கலாம், தாமதமாகச் சேர்ந்தவருக்கும் பழைய செய்திகள் தெரியும்படி வைக்கலாம், பெரிய குழுவைத் தலைப்புகளாகப் பிரிக்கலாம், விடை சரியா தவறா என்று உடனே சொல்லும் வினா வகையும் உண்டு. ஆனாலும் அடிப்படையில் அதுவும் ஓடிக்கொண்டே இருக்கும் அரட்டைதான். அசைன்மென்டை வாங்கி, திருத்தி, மதிப்பெண்ணைத் தனியாகச் சொல்ல அங்கே முறையான வழி இல்லை.

கூகுள் கிளாஸ்ரூம் 2014இல் பள்ளி, கல்லூரிக் கணக்குகளுக்காக வந்தது. 2017இலிருந்து சாதாரண ஜிமெயில் கணக்கு வைத்திருப்பவரும் வகுப்பு தொடங்க முடிகிறது. இதில் 'ஸ்ட்ரீம்', 'கிளாஸ்வொர்க்' என்று இரண்டு பக்கங்கள். பாதி வகுப்புகள் குழம்பிப்போவது இந்த இரண்டையும் கலப்பதால். ஆசிரியர் எல்லாவற்றையும் ஸ்ட்ரீமில் போட்டுவிடுவார், அது இன்னொரு வாட்ஸ்ஆப் குழு மாதிரி ஓடத் தொடங்கிவிடும். பாடம் முழுக்க கிளாஸ்வொர்க்கில் இருக்க வேண்டும். அங்கே 'டாபிக்' என்பதை வாரமாக வைத்துக்கொண்டால் மேலே சொன்ன கலப்பு வரிசை அப்படியே வந்துவிடும். நடப்பு வாரத்தை இழுத்து மேலே வைத்துவிடுங்கள், போனில் திறப்பவர் கீழே போகவே வேண்டாம். ஸ்ட்ரீமில் ஆசிரியர் மட்டும் எழுதலாம் என்று அமைப்பில் மாற்றலாம், கிளாஸ்வொர்க் அறிவிப்புகள் அங்கே வராமலும் தடுக்கலாம்.

கிளாஸ்ரூமில் எனக்கு மிகவும் பிடித்தது, ஓர் ஆவணத்தை இணைக்கும்போது 'ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நகல்' என்று தேர்ந்தெடுக்கும் வசதி. சராசரி கணக்கிடும் தாளை ஒருமுறை தயாரித்து இணைத்தால் ஒவ்வொருவருக்கும் அவர் பெயரில் ஒரு தாள் உருவாகும். அவர் நிரப்பும்போதே உள்ளே போய், எந்த வரியில் தவறினார் என்று ஓரத்தில் குறிப்பு எழுதலாம். எதிரில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதற்கு இணையத்தில் இவ்வளவு நெருங்கி வரும் வேறு வழியை நான் பார்க்கவில்லை. குறை என்று பார்த்தால், டாபிக்குக்குள் இன்னொரு டாபிக் வைக்க முடியாது, கலந்துரையாடல் வெறும் பின்னூட்ட அளவில் நிற்கும். இலவசக் கணக்கின் 15 ஜிபி இடம் டிரைவ், ஜிமெயில், போட்டோஸ் மூன்றுக்கும் பொதுவானது என்பதால் வீடியோக்களை நேராக ஏற்றினால் சீக்கிரம் நிரம்பிவிடும்.

மூடுல் வேறு ரகம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைச் சேர்ந்த மார்ட்டின் டூகியாமாஸ் உருவாக்கி, 2002இல் முதல் பதிப்பை வெளியிட்ட திறமூல மென்பொருள் இது. வினாவங்கி, ஒவ்வொரு தேர்வுக்கும் வெவ்வேறு பங்கு கொடுத்து மொத்தம் போடும் மதிப்பெண் பட்டியல், யார் எதை முடித்தார் என்ற கணக்கு எல்லாம் இதில் ஆழமாக இருக்கின்றன. இருநூறு கேள்விகளை ஒருமுறை எழுதி வைத்தால், ஒவ்வொரு மாணவருக்கும் வெவ்வேறு பத்துக் கேள்விகளை எடுத்துக் கொடுக்கும். அதன் கலந்துரையாடல் பகுதியில் 'கேள்வி-பதில்' என்று ஒரு வகை உண்டு. ஆசிரியர் கேட்ட கேள்விக்குத் தன் பதிலை எழுதிய பிறகுதான் மற்றவர்கள் எழுதியதை மாணவரால் பார்க்க முடியும். முதலில் எழுதியவரின் பதிலையே எல்லாரும் கொஞ்சம் மாற்றி எழுதும் பழக்கத்துக்கு நல்ல மருந்து. மூடுல் ஆப்பில் பாடங்களைத் தரவிறக்கி வைத்துக்கொண்டு இணைப்பு இல்லாத நேரத்தில் படிக்கவும் முடியும்.

இவ்வளவுக்கும் ஓர் ஆள் வேண்டும். சர்வரைப் பார்த்துக்கொள்ள, பதிப்புகளைப் புதுப்பிக்க, காப்புநகல் எடுக்க, கடவுச்சொல்லை மறந்தவருக்கு மாற்றிக் கொடுக்க. அந்த ஆள் நிறுவனத்தில் இருக்கிறார் என்றால் மூடுல் சிறந்த முதலீடு. ஆசிரியரே அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால், பாடம் தயாரிக்கும் நேரத்தைத்தான் அது தின்னும். இன்னொரு ஆபத்து, 12 வாரமும் விரிந்த நிலையில் ஒரே பக்கத்தில் நீள்வது. வாரங்கள் மடிந்திருக்கும்படி வைத்து, நடப்பு வாரம் மட்டும் விரிந்திருக்கச் செய்யுங்கள்.

கேன்வாஸ், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் என்ற மற்ற இரண்டு தளங்களையும் பெரும்பாலும் நிறுவனம்தான் தேர்ந்தெடுக்கும், ஆசிரியருக்கு அதில் குரல் குறைவு. கேன்வாஸ் கிடைத்தால் 'மாட்யூல்' பகுதியை வாரமாக வைத்துக்கொள்ளுங்கள், வேறு யோசனை தேவையில்லை. டீம்ஸில் வாரத்துக்கு ஒரு சேனல் திறக்கும் ஆசை வரும். வேண்டாம், பன்னிரண்டு இடங்களில் பேச்சு சிதறும்.

பலர் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒரு தேர்வு மிச்சம் இருக்கிறது: ஒரே ஒரு கூகுள் டாக். தலைப்பில் பாடத்தின் பெயர், அதன்கீழ் நடப்பு வாரம், அதன்கீழ் பழைய வாரங்கள், ஒவ்வொன்றிலும் லிங்குகள். பார்க்க மட்டும் அனுமதி கொடுத்து அந்த ஒரு லிங்கைக் குழுவில் அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது. மாணவர் தனியாகக் கணக்குத் தொடங்கக்கூட வேண்டாம். திருத்தினால் எல்லாருக்கும் உடனே மாறிவிடும். மதிப்பெண் தேவைப்படாத, முப்பது பேருக்குள் நடக்கும் வகுப்புக்கு, கவனிப்பாரற்றுக் கிடக்கும் மூடுலைவிட வாராவாரம் ஒழுங்காகப் புதுப்பிக்கும் இந்த ஒற்றைப் பக்கம் எவ்வளவோ மேல்.

வீடியோ

நேரலை வகுப்பின் ஒன்றரை மணி நேரப் பதிவை அப்படியே போட்டுவிட்டு "பதிவைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வது ஆசிரியருக்கு எளிது. 2014இல் எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தின் 69 லட்சம் வீடியோ பார்வை அமர்வுகளை ஆராய்ந்த ஓர் ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் பார்த்த நேரங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் இடைநிலை நேரம் அதிகபட்சம் 6 நிமிடம்தான் என்று தெரிந்தது. எல்லாப் பாடத்தையும் 6 நிமிடத்தில் முடிக்க முடியாது, முடிக்கவும் வேண்டாம். ஒரு வீடியோவுக்கு ஒரு கருத்து என்று வெட்டிக்கொண்டாலே போதுமானது.

வெட்ட நேரமில்லை என்றால், யூடியூபில் 'பட்டியலிடாத' வீடியோவாக ஏற்றி, விளக்கப் பகுதியில் நேரக் குறிப்புகளை எழுதுங்கள். முதல் குறிப்பு 0:00 என்று தொடங்கி, குறைந்தது மூன்று குறிப்புகளாவது வரிசையாக இருந்தால் யூடியூப் அதை அத்தியாயங்களாகப் பிரித்துக் காட்டும். 41ஆம் நிமிடத்தில் இருக்கும் 'இடைநிலை கண்டுபிடிக்கும் முறை'க்கு மாணவர் நேராகப் போய்விடலாம், டேட்டாவும் மிச்சம். பட்டியலிடாத வீடியோவை லிங்க் கிடைத்த யாரும் பார்க்கலாம் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். மாணவர்களின் முகமும் பெயரும் குரலும் பதிவான நேரலையை அப்படி ஏற்றாதீர்கள், உங்கள் விளக்கம் மட்டும் இருக்கும் பகுதியை வெட்டி ஏற்றுங்கள்.

கேள்விகள் எங்கே வரட்டும்?

அறிவிப்புக்கு ஓர் இடம், கேள்விக்கு ஓர் இடம். இரண்டுக்கு மேல் போனால் மாணவர் கேட்பதையே விட்டுவிடுவார். எந்தக் கருவியாக இருந்தாலும் பொதுக் கேள்விகள் பொது இடத்தில் வரட்டும். "சார், ஒரு டவுட்" என்று தனிச் செய்தியில் வரும் கேள்வி வழக்கமாகப் பத்துப் பேருக்கு இருக்கும் கேள்விதான். கேட்டவரின் பெயரைச் சொல்லாமல் அதைப் பொது இடத்தில் எழுதிப் பதில் கொடுங்கள். கூச்சப்படுபவரும் காப்பாற்றப்படுவார், மற்ற ஒன்பது பேருக்கும் பதில் போய்ச் சேரும்.

அரட்டைக் குழுவில் கொடுத்த நல்ல பதில் அங்கேயே புதைந்துவிடக் கூடாது. வாரக் கடைசியில் பத்து நிமிடம் ஒதுக்கி, அந்த வாரத்துக் கேள்வி பதில்களை எடுத்து வாரப் பக்கத்தின் அடியில் 'இந்த வாரம் கேட்டவை' என்று சேர்த்துவிடுங்கள். அடுத்த முறை இதே பாடத்தை நடத்தும்போது எங்கே தடுக்கும் என்று முன்கூட்டியே உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு பாடத்தின் மிக மதிப்புள்ள பகுதி இதுதான் என்று நான் நம்புகிறேன். புத்தகத்தில் இல்லாதது அங்கேதான் சேர்கிறது.

யாருக்கு எது?

மதிப்பெண் இல்லாத குறுகிய பயிற்சி வகுப்பு என்றால் ஒற்றை டாக், வார வரிசை, கூடவே அறிவிப்புக்கு ஒரு குழு. அந்தக் குழுவும் எண் தெரியாத வகையில் இருந்தால் நல்லது. அசைன்மென்டும் மதிப்பெண்ணும் உண்டு, தொழில்நுட்ப உதவிக்கு ஆள் இல்லை என்றால் கூகுள் கிளாஸ்ரூம், கலப்பு வரிசை. பல பிரிவுகள், பல ஆசிரியர்கள், பொதுத் தேர்வு, வருடக்கணக்கில் பயன்படுத்தப்போகும் வினாவங்கி என்றால் மூடுல். ஆனால் எல்லா ஆசிரியர்களும் ஒரே மாதிரி வாரப் பக்கத்தைப் பின்பற்ற ஒப்புக்கொண்ட பிறகு. ஐந்து பாடம் எடுக்கும் மாணவர் ஐந்து விதமான அடுக்கைக் கற்றுக்கொள்ள வேண்டியிருப்பது பெரிய கொடுமை. அவரவர் வேகத்தில் படிக்கும் பாடம் என்றால் எந்தக் கருவியானாலும் தலைப்பு வரிசை. ஒவ்வொரு தலைப்புக்கும் எத்தனை மணி நேரம் ஆகும் என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், மாணவர்களைச் சேர்க்குமுன் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு மாணவர் கணக்கை உருவாக்கி, விலை குறைந்த ஒரு போனில் உள்ளே போய், இந்த வார அசைன்மென்டைச் சமர்ப்பித்துப் பாருங்கள். ஆசிரியரின் திரையில் தெரிவது வேறு, மாணவரின் திரையில் தெரிவது வேறு. 'அனுமதி இல்லை' என்று வரும் டிரைவ் லிங்குகள் அப்போதே பிடிபடும்.

முடிக்கும்போது

பாடம் முடிந்த பிறகு என்ன ஆகும் என்பதில் கருவிகளுக்கு இடையே வேறுபாடு நிறைய. மூடுலில் முழுப் பாடத்தையும் ஒரே காப்புக் கோப்பாக எடுத்து, மாணவர் விவரம் இல்லாமல் இன்னொரு மூடுலில் ஏற்றிக்கொள்ளலாம். கிளாஸ்ரூமில் வகுப்பை நகலெடுத்தால் டாபிக்குகளும் அசைன்மென்ட்களும் வரைவாக வந்து நிற்கும், மாணவர்களும் ஸ்ட்ரீம் அறிவிப்புகளும் வரமாட்டார்கள். பழைய வகுப்பை ஆவணக்காப்பில் வைத்துவிடலாம். நிறுவனம் கொடுத்த கணக்கில் வைத்த கோப்புகள், அந்தக் கணக்கை மூடினால் கைவிட்டுப் போகக்கூடும். ஆசிரியருக்கும் அப்படித்தான், மாணவருக்கும் அப்படித்தான்.

அதனால் கடைசி வாரப் பக்கத்தைத் தயாரிக்கும்போதே இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். இந்த இடம் எந்தத் தேதி வரை திறந்திருக்கும் என்று ஒன்று. அதற்குள் தங்கள் அசைன்மென்ட்களையும் நீங்கள் எழுதிய திருத்தக் குறிப்புகளையும் எப்படித் தரவிறக்கிக்கொள்வது என்று இன்னொன்று.